பட்டாளத்தார் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள்



எல்லையில் நிற்கும் வீரரைப் பற்றிப் பேச நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஊருக்குத் திரும்பி வந்தவரைப் பற்றிக் கேட்டால் மட்டும், “அவருக்கென்ன, பென்ஷன் வருது, கேண்டீன் கார்டு இருக்கு” என்று முடித்துவிடுகிறோம். அந்தப் பென்ஷன் எப்படி வருகிறது, யாருக்கு வராமல் நின்றுபோகிறது, நின்றுபோனதை மறுபடியும் வரவைப்பதற்கு யார் அலைகிறார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். அலைகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். தாங்களே பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள். ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு பிளாஸ்டிக் கோப்பு, ஒரு கைபேசி, இவ்வளவுதான் அவர்கள் வைத்திருக்கும் அலுவலகம்.

நான் பட்டாளத்தார் வீட்டில் பிறந்தவள். வடாற்காட்டுக்காரி. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது தலைமுறை வழக்கம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்த ஊர், இன்றும் இருக்கிற ஊர். முதல் உலகப் போர் முடிந்தபின் வெள்ளை அரசாங்கம் பல கிராமங்களில் கல்வெட்டுப் பலகை பதித்தது: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று இரண்டு எண்கள் மட்டும் இருக்கும். மானாவாரி நிலமும் பொய்த்துப்போகும் மழையும் ஒரு பக்கம், மாதச் சம்பளமும் சீருடையின் மதிப்பும் மறுபக்கம். அந்தக் கணக்கில்தான் பையன்கள் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கும் பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்கும் ரயிலேறினார்கள்.

2022-க்கு முன்பு சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுச் சேவை போதும். ஆகவே நாற்பதை ஒட்டிய வயதில், சிலர் அதற்கும் முன்னால், பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். மனைவி அவரில்லாமலே வீட்டை நடத்திப் பழகியிருப்பாள். பிறகு வங்கி வாசலிலோ, ஆலை வாயிலிலோ காவல் வேலை. அந்த வேலைகளுக்காகவே தமிழக அரசு 1986-ல் டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகத்தை உருவாக்கியது. இவ்வளவும் வெளியே தெரிகிற வாழ்க்கை. தெரியாத வாழ்க்கை காகிதங்களில் நடக்கிறது.

காகிதம் என்று நான் சொல்வதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டு வயதில் சேர்ந்த பையனின் பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். நம்முடைய தலைப்பெழுத்து அங்கே குடும்பப்பெயராக நீண்டது. கல்யாணமான பிறகு மனைவி பெயரைப் படைப்பிரிவில் சொல்லி ‘பார்ட் டூ ஆர்டர்’ போடவேண்டும். விடுப்பு முடிந்த அவசரத்தில், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி, வங்கியில் தலைப்பெழுத்து மாறிய இன்னொரு லட்சுமி. கணவர் உயிரோடு இருக்கும்வரை இந்த மூன்று பேரும் ஒரே ஆள். அவர் கண்ணை மூடிய மறுநாளிலிருந்து மூன்று பேர்தான். முதல்நிலை நடுவர் முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்பி, அவர்கள் திருத்தி, பிரயாக்ராஜில் இருக்கும் ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்தப் பெண் மறுபடியும் ஒருத்தியாகிறாள். வேலூர் மாவட்டத்துக் கிராமத்துக்கும் பிரயாக்ராஜுக்கும் நடுவே எத்தனை மொழி, எத்தனை மேசை என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தூரத்தை நடந்து கடக்கிறவர் பெரும்பாலும் முன்னாள் படைவீரர் சங்கத்து ஹவில்தார் ஒருவர். அவர் கிளார்க் டிரேடில் இருந்தவர் என்றால் அந்த ஒன்றியமே கொடுத்துவைத்தது.

ஒரே ஒரு விவரத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஓய்வூதியரோ குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவியோ 80 வயதைத் தொட்டால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50. நூறு வயதில் நூறு விழுக்காடு. அரசின் நல்ல ஏற்பாடு இது. ஆனால் பழைய ஓய்வூதிய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதி எழுதப்படவே இல்லை. தேதி இல்லையென்றால் கணினிக்கு அவளுக்கு எண்பது ஆனதே தெரியாது. அவளுக்கும் தெரியாது. முழங்கால் வலியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டிக்கு மாதாமாதம் சேரவேண்டிய பணம் சேராமலே போகும். இதைப் பற்றி அவள் புகார் கொடுக்கப்போவதில்லை. இழந்ததே தெரியாதவர் எப்படிப் புகார் கொடுப்பார்? இந்த இழப்பைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது. யாராவது அந்த வீட்டுக்குப் போய், “அம்மா, உங்க பென்ஷன் புத்தகத்தைக் கொஞ்சம் எடுங்க” என்று கேட்கவேண்டும். எங்கள் பக்கத்துச் சங்கத்தார் சிலர் ஊர் ஊராக இதைச் செய்கிறார்கள். நானும் அவர்களோடு போய் எழுதிக்கொடுத்திருக்கிறேன். தகரப்பெட்டியிலிருந்து வெளியே வரும் காகிதங்களில் பாதி கரையான் தின்றவை. பள்ளிச் சான்று கிடையாது. மூத்த மகனின் வயதை வைத்து அம்மாவின் வயதை எண்ணத் தொடங்குவார்கள். சுபேதார் ஒருவர் பொறுமையாக மருத்துவச் சான்றுக்கு என்ன வழி என்று சொல்லிக்கொடுப்பார்.

பெரும்பாலோருக்கு நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம். எண்பது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இப்போது ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்ற இணையத் தளத்தின் வழியாக நடக்கிறது. முன்பு வங்கி மேலாளருக்கு முகம் தெரியும்; போய் நின்றால் கையெழுத்துப் போட்டுவிடுவார். இன்றைக்கு விரல்ரேகை கேட்கிறார்கள். அறுபது வருடம் நாற்று நட்ட விரலில் ரேகை எங்கே இருக்கும்? முகத்தை வைத்து உறுதிசெய்யும் செயலி வந்திருக்கிறது, அது பெரிய உதவி. ஆனாலும் அதைக் கைபேசியில் இறக்கி, வெளிச்சம் பார்த்து உட்காரவைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். படுக்கையில் இருப்பவர் என்றால் வீட்டுக்கே போகவேண்டும். நவம்பரில் அப்படிப் போகிறவர்களை நான் அறிவேன். பெட்ரோல் காசுகூட யாரிடமும் கேட்கமாட்டார்கள்.

இறப்பு நேர்ந்த வீட்டில் இந்த வேலை இன்னும் கடினம். சேவையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் அவருடைய மனைவிக்கு என்ன கிடைக்கும் என்பது, சாவு எப்படி வகைப்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. தொடக்க ஆண்டுகளில் மட்டும் 50. பணியின் காரணமாக இறப்பு என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60. போர்க்களத்திலோ அதற்கு நிகரான நடவடிக்கையிலோ என்றால் 100. அழுதுகொண்டிருக்கும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணிடம் இதையெல்லாம் பேசமுடியாது, பேசாமலும் இருக்கமுடியாது. படைப்பிரிவு விசாரணை நடத்தும் வாரங்களில் என்ன பதிவாகிறது என்பதைக் கவனித்துக்கொள்ள அந்தக் குடும்பத்தின் பக்கம் விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கவேண்டும். மாமனாரும் அண்ணனும் பங்கு பேச வரும் வீடுகளும் உண்டு. அங்கே, “இது மருமகளுக்குச் சேரவேண்டியது, சட்டம் அப்படி” என்று சொல்ல வெளியாள் ஒருவரால்தான் முடியும். அந்த ஆள் மிலிட்டரி மீசையோடு வந்தால் வீட்டில் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த மரியாதையை நல்லதற்குச் செலவழிக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் சோபியானில் உயிர்நீத்தார். பத்து ஆண்டுகள் கழித்து ‘அமரன்’ படம் வந்தபோது தமிழ்நாடு திரையரங்கில் உட்கார்ந்து அழுதது. அந்தக் கண்ணீர் உண்மையானது. அழுதவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ ஒரு பட்டாளத்தார் மனைவி தனியாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவத்துக்கு வருகிறேன். 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் வந்ததும் ராணுவக் குடும்பங்களின் தலைவிதியே மாறியது. அதற்கு முன்னால் ராணுவ மருத்துவமனை இருக்கும் நகரங்களைத் தேடி ஓடவேண்டியிருந்தது. இப்போது மாவட்டங்களில் பாலிகிளினிக் இருக்கிறது. அங்கிருந்து பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஆனால் நெஞ்சுவலி பாலிகிளினிக் திறந்திருக்கும் நேரம் பார்த்து வருவதில்லை. ராத்திரியில் கிடைத்த மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், அது பட்டியலில் இல்லாததாக இருந்தால், இரண்டு நாளுக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காவிட்டால் செலவைத் திரும்பப் பெறுவதற்குள் போதும்போதும் என்றாகிவிடும். இந்த விதி எந்த மகனுக்கும் மகளுக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வராது. சங்கத்துக்காரரின் எண் சுவரில் எழுதிவைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுப்பார் என்ற நம்பிக்கை, அவ்வளவுதான்.

பென்ஷனே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இதைப் பலர் நம்பமாட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் இருந்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீனப் போருக்குப் பின்னால் சேர்ந்து, குடும்பச் சூழலாலோ உடல்நலத்தாலோ பதினைந்து ஆண்டுக்குமுன் வெளியே வந்தவர்களும் உண்டு. ஹவில்தார் தரம் வரையிலானவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும், ஓய்வூதியம் ஏதும் இல்லாமல் 65 வயது கடந்திருந்தால், மத்திய சைனிக் வாரியம் வறுமை உதவித்தொகை கொடுக்கிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆக்கினார்கள். இரட்டிப்பு. கொடிநாள் நிதியிலிருந்து வரும் பணம் இது. டிசம்பர் 7-ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் சட்டையில் குத்திக்கொண்ட சின்னக் கொடிக்குக் கொடுத்த காசு இப்படித்தான் போய்ச் சேர்கிறது. ஆனால் பென்ஷன் இல்லாதவர் எந்தச் சங்கத்திலும் இல்லை. கேண்டீனுக்கு வருவதில்லை. அவர் பட்டாளத்தில் இருந்தார் என்பதே அடுத்த தலைமுறைக்கு மறந்திருக்கும். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நல அமைப்பாளர்கள் என்று இருக்கிறார்கள், ஊருக்கு ஊர் போகவேண்டியவர்கள்தான். மாவட்டம் பெரியது, அவர்கள் சிலரே. ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, “இந்தப் பக்கம் பழைய பட்டாளத்தாள் யாராவது இருக்காங்களா?” என்று கேட்கும் தன்னார்வலர்தான் ஒரு தொண்ணூறு வயது விதவையை அலுவலகத்தின் பட்டியலுக்குள் கொண்டுவருகிறார்.

காகிதத்தில் எழுதமுடியாத ஒன்றையும் பேசவேண்டும். திரும்பி வந்தவர்கள் பலர் பேசுவதில்லை. குடிக்கிறார்கள். கேண்டீனில் மலிவு விலையில் கிடைக்கும் மது எத்தனை வீடுகளைக் குலைத்தது என்பதைப் பட்டாளத்தார் மனைவிமாரிடம் கேளுங்கள். 1987 முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த அமைதிப்படையில் நம் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். திரும்பிய படையைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க அன்றைய முதலமைச்சர் போகவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணமும், ஈழத்தமிழ் மக்கள் அந்த ஆண்டுகளில் பட்ட துயரமும் வரலாற்றில் இருக்கின்றன. அந்தத் துயரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கட்டளைக்குக் கட்டுப்பட்டுப் போய், தன் தாய்மொழியில் அழுகுரல் கேட்ட இருபத்திரண்டு வயது சிப்பாய், ஊருக்கு வந்து அதை யாரிடம் சொல்லியிருப்பான்? முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லாமலே இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சிலர் சங்கக் கட்டடத்தின் பின்பக்க வராந்தாவில், அங்கே இருந்த இன்னொருவரிடம் மட்டும், பேசியிருக்கிறார்கள். ‘டெலி மானஸ்’ 14416 என்ற எண்ணில் எவரும் மனநல ஆலோசனை கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம். அந்த எண்ணை அழுத்தும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவருவதற்கே முதலில் அந்த வராந்தா வேண்டியிருக்கிறது.

ஊனமடைந்தவர்களுக்காகச் சங்கங்கள் செய்திருக்கும் சட்டப் போராட்டம் தனிச் சொற்பொழிவுக்கு உரியது. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: சேரும்போது குறையில்லை என்று எழுதிக்கொண்டவருக்குப் பிறகு நோய் வந்தால், அது பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, சிப்பாயுடையதல்ல. 2023-ல் ஊன ஓய்வூதிய விதிகள் மறுபடியும் திருத்தி எழுதப்பட்டன. இந்த மாற்றங்களைப் படித்து, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்கு மனு தயாரிக்க உதவும் முன்னாள் வீரர்களின் சட்ட அறிவு வழக்கறிஞர்களே மதிக்கும் அளவுக்கு இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது சங்கத்தாருக்குக் கொஞ்சம் கசக்கலாம். என் சொந்தக்காரர்கள் என்ற உரிமையில் சொல்கிறேன். நம் சங்கங்கள் விழாவுக்குச் செலவழிக்கும் நேரம் அதிகம். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். 1953-ல் அதே நாளில் தளபதி கரியப்பா ஓய்வுபெற்றார் என்பதற்காக. நமக்கு அது போகி அல்லது பொங்கலோடு மோதும் நாள், ஆகவே இன்னொரு தேதியில் மேடை, சால்வை, கேடயம். இருக்கட்டும், மரியாதை வேண்டியதுதான். ஆனால் அந்த மேடையில் விதவைகள் பரிசு வாங்க மட்டும் ஏறுகிறார்கள். நிர்வாகக் குழுவில் அவர்கள் பெயர் அரிதாகவே இருக்கிறது. ஒரு ரெஜிமெண்ட், ஒரு தரம், ஒரு சாதி என்று பிரிந்து ஒரே தாலுகாவில் பல சங்கங்கள் நடக்கின்றன. மத்திய ரிசர்வ் போலீசிலிருந்து வந்தவரை ‘அவர் எக்ஸ்-சர்வீஸ்மேன் இல்லை’ என்று வாசலில் நிறுத்துகிறார்கள். விதிப்படி அது சரி. அண்டை வீட்டுக்காரராகச் சரியில்லை.

ஆஸ்திரேலியாவில் ‘லெகசி’ என்றொரு அமைப்பு இருக்கிறது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஸ்டான்லி சாவிஜ் என்பவர் 1923-ல் மெல்பர்ன் நகரத்தில் தொடங்கினார். முதலில் அது திரும்பி வந்தவர்கள் தொழிலிலும் வாழ்க்கையிலும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் கழகம். இரண்டே ஆண்டில், 1925-ல், உறுப்பினர்கள் தங்களைப் பார்த்தே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள்: திரும்பி வராதவர்களின் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்? அன்றிலிருந்து அந்தக் குடும்பங்களே அதன் வேலை. ஒவ்வொரு தன்னார்வலரும் சில குடும்பங்களை ஏற்றுக்கொள்கிறார். பள்ளிக் கட்டணத்திலிருந்து வீட்டுக் கூரை வரை அவர்தான் விசாரிக்கிறார். ஒரு நூற்றாண்டைத் தாண்டி இன்றும் நடக்கிறது. இந்தச் செய்தியை நம் சங்கத்தார் ஒருவரிடம் சொன்னபோது, “இது நமக்கு முடியாததா?” என்று கேட்டார். முடியாததல்ல. எங்கள் பக்கத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நின்று, ஆள்சேர்ப்புக்குப் போகும் பையன்களைக் காசு வாங்காமல் 1.6 கிலோமீட்டர் ஓடவைத்து நேரம் குறிக்கும் சுபேதார்கள் இருக்கிறார்கள். அந்த ஒழுங்கில் கால்வாசியை வைத்து, ஆளுக்குப் பத்து வீடு என்று பிரித்துக்கொண்டாலே ஒரு ஒன்றியத்தில் பார்க்கப்படாத விதவை இருக்கமாட்டார்.

அந்தப் பையன்களைப் பற்றித்தான் கடைசியாகப் பேசவேண்டும். 2022-க்குப் பிறகு சிப்பாயாகச் சேர்கிறவர் அக்னிவீரர். நான்கு ஆண்டுப் பணி. கால்வாசிப் பேரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய பதினொன்றே முக்கால் லட்ச ரூபாயோடு வீட்டுக்கு வருவார்கள். ஓய்வூதியம் கிடையாது, இ.சி.எச்.எஸ். கிடையாது. திட்டத்தின் சரி தவறு பற்றி நாடாளுமன்றத்தில் பேசட்டும். முதல் அணியின் நான்கு ஆண்டு 2026-ன் இறுதியிலிருந்து முடியத் தொடங்குகிறது. வேலூரிலும் திருவண்ணாமலையிலும் ராணிப்பேட்டையிலும் நம் மைதானத்தில் ஓடிப் பழகிப் போனவர்கள்தான் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் திரும்பி இறங்கப்போகிறார்கள். கையில் மொத்தமாகப் பணம் இருக்கும். அந்தப் பணத்தைக் குறிவைத்துச் சீட்டுக் கம்பெனிக்காரர்களும் நிலத் தரகர்களும் வீட்டுக்கு வருவார்கள். தமிழக அரசு முன்னாள் படைவீரர்களுக்குத் தொழில் கடனும் மானியமும் தரும் ‘காக்கும் கரங்கள்’ போன்ற ஏற்பாடு எதிலெல்லாம் இவர்களுக்கு இடம் உண்டு என்று கேட்டு வைக்கவேண்டும். பணியில் காயம்பட்டு வருகிறவருக்கு என்ன சேரும் என்பதை இப்போதே படித்து வைக்கவேண்டும்.

ஆனால் நம் சங்க விதிமுறைகள் பலவற்றில் உறுப்பினர் தகுதி என்ற இடத்தில் ‘ஓய்வூதியம் பெறுபவர்’ என்று எழுதியிருக்கிறது. அந்த வரி இருக்கும்வரை இந்தப் பையன்கள் உள்ளே வரமுடியாது. அதை மாற்ற ஒரு பொதுக்குழுவும் நான்கில் மூன்று பங்கு கைகளும் போதும். இந்த அரங்கில் இருக்கும் சங்கத் தலைவர்கள், பொங்கல் விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்னால் அந்தக் கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்பிவிடுங்கள். விதவைகளையும் நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கும் தீர்மானத்தை அதே நாளில் நிறைவேற்றிவிடலாம்.